வானத்தை அளந்தவர் நடத்திய சகோதர மன்றம்: ஜெரோம் லலாந்தின் வாழ்க்கை

சிங்கப்பூரில் கோல்மன் ஸ்திரீட் பக்கம் போனவர்கள் அங்குள்ள ஃப்ரீமேசன் மண்டபத்தைப் பார்த்திருக்கலாம். கட்டடத்தில் ஒரு கவராயமும் ஒரு மூலைமட்டமும் சேர்ந்த சின்னம் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் இந்த அமைப்பைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. நம் வட்டாரத்தில் ரகசியச் சங்கம் என்றாலே குண்டர் கும்பல்தான் நினைவுக்கு வரும். இது அது அல்ல.

ஃப்ரீமேசன் என்பது கல்தச்சர்களின் பழைய தொழிற்சங்க வழக்கங்களை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவில் வளர்ந்த ஒரு சகோதர அமைப்பு. லண்டனில் 1717 ஜூன் 24-ஆம் தேதி நான்கு மன்றங்கள் ஒன்றுகூடித் தங்கள் தலைமை மன்றத்தை அமைத்ததாக அவர்களின் வரலாறு சொல்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் லாட்ஜ் என்று பெயர். தங்கும் விடுதி என்று எண்ணிவிட வேண்டாம். கல்தச்சர்கள் வேலை செய்யும் இடத்தில் போட்டுக்கொண்ட கொட்டகைக்குத்தான் அந்தப் பெயர் இருந்தது.

இந்த மன்றங்களுக்குள் நுழைந்தால் கல் வேலைக் கருவிகளுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது வானம். சூரியன், சந்திரன், ஒளிவீசும் நட்சத்திரம், விண்மீன்கள் நிறைந்த கூரை. இந்த வானத்துக்கு என்ன பொருள் என்று கேட்டால் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். ஆனால் உண்மையான வானத்தை வாழ்நாள் முழுவதும் அளந்த ஒருவரே இப்படிப்பட்ட மன்றம் ஒன்றைத் தொடங்கித் தலைமை தாங்கினார். அவர் பெயர் ஜெரோம் லலாந்த்.

சட்டம் படிக்கப் போனவர்

லலாந்த் 1732 ஜூலை 11-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் பூர்க்-ஆன்-பிரெஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். 1744-இல் ஒரு பெரிய வால்நட்சத்திரம் ஐரோப்பிய வானத்தில் தோன்றியது. விசிறி போல் பல வால்கள் விரிந்த அந்தக் காட்சியை வியந்து பார்த்தவர்களில் இந்தச் சிறுவனும் ஒருவன்.

லியோன் நகரில் ஏசு சபைப் பாதிரியார்களிடம் படித்தார். அவர்களைப் போலவே தானும் துறவியாகிவிடலாம் என்று நினைத்தார். வீட்டில் சம்மதிக்கவில்லை. வக்கீலுக்குப் படிக்கட்டும் என்று பாரிசுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அங்கே அவர் தங்கிய கட்டடத்திலேயே டெலீல் என்ற வானியலாளரின் ஆய்வுக்கூடம் இருந்தது. பகலில் சட்ட வகுப்பு, இரவில் தொலைநோக்கி என்று நாள்கள் ஓடின. சட்டத்தில் தேர்ச்சி பெற்றார். ஆனால் மனம் மேல்மாடியிலேயே நின்றுவிட்டது.

ஊருக்குத் திரும்பும் நேரத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. நிலவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறியது போல் தெரியும். அந்த மாற்றத்தின் அளவைக் கொண்டு விரலின் தூரத்தைக் கணக்கிடலாம். நிலவுக்கும் இதே முறைதான். ஆனால் இரண்டு கண்களும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்க வேண்டும்.

லக்காய் என்ற வானியலாளர் ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையில் இருந்தார். ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் வடக்கே உள்ள பெர்லினுக்கு லலாந்த் அனுப்பப்பட்டார். 1751-இல் அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது வயது 19. இந்தப் பொடியனையா அனுப்பினார்கள் என்று மன்னர் பிரெடரிக்கே வியந்ததாகச் சொல்வார்கள். வேலையை முடித்துத் திரும்பியவர் 1753-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார்.

வால்நட்சத்திரமும் ஒரு பெண்ணின் கணக்கும்

1682-இல் தோன்றிய வால்நட்சத்திரம் மீண்டும் வரும் என்று ஆங்கிலேய வானியலாளர் ஹேலி சொல்லிவிட்டு 1742-இல் இறந்துபோனார். எப்போது வரும் என்று துல்லியமாகக் கணக்கிட பிரான்சில் மூவர் உட்கார்ந்தார்கள். கணித மேதை கிளேரோ, லலாந்த், கடிகார நிபுணர் ஒருவரின் மனைவியான நிக்கோல் ரேன் லெபோட் ஆகியோரே அந்த மூவர்.

1758-இல் மாதக்கணக்கில் காலை முதல் இரவு வரை எண்களோடு போராடினார்கள். வியாழனின் ஈர்ப்பால் 518 நாளும் சனியின் ஈர்ப்பால் 100 நாளும் தாமதமாகும் என்று கண்டார்கள். 1759 ஏப்ரல் நடுவில் அது சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்று அறிவித்தார்கள். அது நெருங்கியது மார்ச் 13-ஆம் தேதி. அபசகுனம் என்று அஞ்சிய ஒன்றை, தேதி குறித்து வரவேற்கும் காலம் பிறந்தது.

கிளேரோ பிறகு எழுதிய நூலில் லெபோட்டின் பெயர் விடுபட்டது. லலாந்த் விடவில்லை. அந்த அம்மையார் இல்லாமல் இக்கணக்கு முடிந்திருக்காது என்பதைத் தம் எழுத்தில் பதிவு செய்தார். 1785-இல் பெண்களுக்கென்றே ஒரு வானியல் நூலும் எழுதினார். அவருடைய உறவுப் பெண் மாலுமிகளுக்கான கணக்கு அட்டவணைகளைத் தயாரித்தபோது, அவற்றையும் தம் நூலில் வெளியிட்டார்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பாரிசில் ஆசிரியர். பிரெஞ்சு அரசின் வானியல் பஞ்சாங்கத்தைப் பல ஆண்டுகள் தொகுத்தவரும் அவரே. 1764-இல் வெளியான அவருடைய வானியல் நூல் பல பதிப்புகள் கண்டது.

புதுச்சேரியில் நடந்தது

1761-லும் 1769-லும் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்து சென்றது. உலகின் பல இடங்களிலிருந்து அதைப் பார்த்து நேரம் குறித்தால் சூரியனின் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்காகப் புறப்பட்டவர்களில் ஒருவர் லலாந்தின் சக வானியலாளர் லெ ஜெந்தீல். அவர் போக வேண்டிய இடம் புதுச்சேரி.

பாவம் அவர். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பலிலேயே வெள்ளியைப் பார்த்தார். ஆடும் கப்பலில் அளவெடுக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கமே காத்திருந்தார். 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயாராக இருந்தது. அந்தக் காலைப் பொழுதில் மேகம் வந்து மூடிக்கொண்டது. ஊர் திரும்பியபோது அவர் இறந்துவிட்டதாக முடிவு செய்து சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. புதுச்சேரியில் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றிருந்தார். 1765 ஆகஸ்ட் 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீட்சியைத் தமிழ் முறையில் கணித்தபோது 41 வினாடி குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையோ 68 வினாடி கூட்டிக் காட்டியது. இந்தச் செய்தியைப் பாரிசில் அச்சிட்டு வெளியிட்டார். பய்யி என்ற மற்றொரு வானியலாளர் அந்தத் தகவல்களையும் கொண்டு இந்திய வானியல் பற்றிப் பெரிய நூல் எழுதினார்.

பல நாடுகளிலிருந்து வந்த வெள்ளிக் கடப்பு அளவுகளைத் திரட்டிக் கணக்கிட்டவர் லலாந்த். சூரியனின் தூரம் இன்றைய அளவையில் சுமார் 15 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் என்று 1771-இல் முடிவுக்கு வந்தார். இன்று நமக்குத் தெரிந்த தூரம் 14 கோடியே 96 லட்சம். அந்தக் காலக் கருவிகளுக்கு இது பெரிய நெருக்கம்.

கலைத்தேவியர் ஒன்பது பேரின் பெயரில்

தத்துவ அறிஞர் எல்வேசியுசுக்கு ஒரு கனவு இருந்தது. அறிவியலாளரும் கலைஞரும் எழுத்தாளரும் ஒன்றாகக் கூடும் ஒரு ஃப்ரீமேசன் மன்றம் வேண்டும் என்பது அது. அவர் 1771-இல் காலமானார். நண்பர் லலாந்த் அந்தக் கனவைக் கையில் எடுத்து, 1776-இல் பாரிசில் ஒன்பது சகோதரிகள் என்ற மன்றத்தைத் தொடங்கினார். முதல் தலைவரும் அவரே.

ஒன்பது சகோதரிகள் என்பது கிரேக்கக் கதைகளில் வரும் கலைத்தேவியர் ஒன்பது பேரைக் குறிக்கும். கவிதைக்கும் இசைக்கும் வரலாற்றுக்கும் தேவியர் இருப்பது போல் வானியலுக்கும் ஒருத்தி உண்டு. அவள் பெயர் உரானியா. வானியலாளர் தொடங்கிய மன்றத்துக்குப் பொருத்தமான பெயர்தான்.

மன்றங்களில் கூட்டம் நடக்கும்போது சின்னங்கள் வரைந்த ஓவியத்தைத் தரையில் விரிப்பார்கள். அதில் சூரியனும் சந்திரனும் ஒளிவீசும் நட்சத்திரமும் இருக்கும். தலைவர் கிழக்கில் அமர்வார். சூரியன் கிழக்கில் எழுந்து நாளைத் தொடங்கி வைப்பது போல் அவர் வேலையைத் தொடங்கி வைக்கிறார் என்பது பொருள். பகலை ஆளும் சூரியன், இரவை ஆளும் சந்திரன், மன்றத்தை ஆளும் தலைவர் ஆகிய மூன்றும் மூன்று விளக்குகள். வானமே கூரை என்பதால் அந்தக் கூரைக்குக் கீழே உள்ள மனிதர் எல்லாரும் சகோதரர். உறுப்பினர் கற்க வேண்டிய ஏழு கலைகளின் வரிசையில் வானியலும் உண்டு. பெரிய விழாக்கள் ஜூன் 24, டிசம்பர் 27 ஆகிய இரண்டு புனித யோவான் திருநாள்களில் நடக்கும். ஒன்று பகல் மிக நீண்டிருக்கும் காலம், மற்றது பகல் மிகக் குறுகியிருக்கும் காலம்.

இந்த வானத்தைக் கொண்டு யாரும் கிரகணம் கணிக்க முடியாது. நேரத்துக்கு வேலையைத் தொடங்கு, ஒழுங்காக நட, கற்றுக்கொண்டே இரு, பக்கத்தில் இருப்பவனைச் சகோதரனாக நடத்து என்று நினைவூட்டவே அது வரையப்பட்டது. ஆனால் சகோதரத்துவம் ஆண்களோடு நின்றது. கணக்கில் லெபோட்டின் பங்கைப் போற்றிய லலாந்தின் மன்றத்திலும் பெண்களுக்கு உறுப்பினர் இடம் இல்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை.

வால்டேர் வந்த நாள்

1778 ஏப்ரல் 7-ஆம் தேதி மன்றத்தில் ஒரு புது உறுப்பினர் சேர்ந்தார். அவருக்கு வயது 83. பெயர் வால்டேர். ஐரோப்பா முழுவதும் அறிந்த எழுத்தாளர், தேவாலய அதிகாரத்தை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் உடன் வர உள்ளே நுழைந்தார். முதியவர் என்பதால் கண்ணைக் கட்டி அழைத்து வரும் சடங்கை விட்டுவிட்டார்கள். தலைமை தாங்கிய லலாந்த் அவரை வரவேற்றார். மறைந்த எல்வேசியுஸ் அணிந்த தோல் முன்றானையை அவருக்கு அணிவித்தார்கள்.

விழா நடந்த கட்டடம் ஒரு காலத்தில் ஏசு சபைத் துறவிகளின் பயிற்சி மடமாக இருந்தது. சிறுவயதில் அந்தச் சபையில் சேர ஆசைப்பட்டவர் அங்கே வேறொரு வேடத்தில் தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தார். காலம் செய்யும் விந்தை!

மே 30-இல் வால்டேர் இறந்தார். பாரிசில் திருச்சபை முறைப்படி அடக்கம் செய்ய மறுத்தார்கள். உடலை வெளியூருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய வேண்டி வந்தது. நவம்பர் 28-இல் லலாந்தின் மன்றம் அவருக்குப் பெரிய அஞ்சலிக் கூட்டம் நடத்தியது. வால்டேரின் உறவுப் பெண்மணியும் அதில் கலந்துகொண்டார். விதி மீறல் என்று தலைமை மன்றம் கோபித்துக்கொண்டது. மன்றம் தொடர்ந்து இயங்கியது. 1779-இல் லலாந்துக்குப் பிறகு பிராங்கிளின் தலைவரானார்.

மாணவர் கிளப்பிய புயல்

லலாந்தின் வகுப்பில் துபுய் என்ற மாணவர் இருந்தார். விண்மீன் கூட்டங்களுக்கு மேஷம், ரிஷபம் என்றெல்லாம் ஏன் பெயர் வந்தது என்று ஆராயத் தொடங்கினார். உழவும் வெள்ளமும் அறுவடையும் வரும் பருவங்களையே அந்த உருவங்கள் குறித்தன என்று முடிவு செய்தார். அந்தக் கட்டுரையை லலாந்த் 1781-இல் தம் வானியல் நூலில் சேர்த்து வெளியிட்டார்.

துபுய் அதோடு நிற்கவில்லை. உலகில் உள்ள எல்லாச் சமயக் கதைகளும் சூரியன் பன்னிரண்டு ராசிகளில் செய்யும் பயணத்தின் கதைகளே என்று 1795-இல் பெரிய நூல் வெளியிட்டார். அதைப் படித்த பிற்காலத்து ஃப்ரீமேசன் எழுத்தாளர்கள் சிலர் தங்கள் சடங்குகளுக்கும் அதே உரையை எழுதினார்கள். கொல்லப்பட்ட தலைமைச் சிற்பி பற்றி அவர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. குளிர்காலத்தில் மங்கி, பிறகு மீண்டும் எழும் சூரியன்தான் அந்தச் சிற்பி என்று சொன்னார்கள். எகிப்தியக் கோயில்களின் ரகசிய வானியல் தங்களிடம் வந்து சேர்ந்ததாகவும் எழுதினார்கள்.

அப்படி ஒரு ரகசியம் கைமாறி வந்ததற்கு ஆதாரம் இல்லை. வரலாற்றாசிரியர்கள் காட்டும் வேர் பிரிட்டனின் கல்தச்சர் சங்கங்கள்தான். அந்தச் சூரிய விளக்கத்துக்குத் தூண்டுகோலாக இருந்தது பழைய ஓலைச்சுவடி எதுவும் இல்லை, லலாந்தின் வகுப்பில் படித்த ஒருவரின் நூல்.

பயத்தோடு போராடியவர்

லலாந்த் எதிர்த்தது ஒன்றை. அது வானத்தைக் கண்டு வரும் பயம். 1773-இல் பூமிக்கு அருகில் வரக்கூடிய வால்நட்சத்திரங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைக் கூட்டத்தில் வாசிக்க நேரமில்லாமல் போயிற்று. உலகம் அழியப்போவதை மறைக்கிறார்கள் என்று பாரிசில் வதந்தி பரவியது. மக்கள் கலங்கினார்கள். கட்டுரையை அப்படியே அச்சிட்டு, அப்படி எதுவும் சொல்லவில்லை என்று காட்ட வேண்டியதாயிற்று.

சிலந்தியைக் கண்டு அஞ்சுவதும் மூடத்தனம் என்று காட்ட, பலர் முன்னிலையில் சிலந்தியை வாயில் போட்டு மென்றவர் அவர். குள்ளமான உருவம், விளம்பரத்தில் ஆசை, யாரோடும் வாதத்துக்குத் தயார். குறைகளும் இருந்தன. எதிரிகளும் இருந்தார்கள்.

கூண்டுக்குள் ஒளிந்த மனிதர்கள்

பிறகு புரட்சி வந்தது. 1792 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பாரிஸ் மக்கள் அரண்மனையைத் தாக்கினார்கள். மன்னர் பக்கம் நின்ற துப்போன் தெ நெமூர் என்பவரைப் பிடிக்கத் தேடினார்கள். லலாந்த் அவரைத் தம் பொறுப்பில் இருந்த மசாரின் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் குவிமாடத்துக்குள் ஒளித்துவைத்தார். பிடிபட்டிருந்தால் இருவர் தலையும் போயிருக்கும். துப்போன் தப்பிப் பிழைத்தார். அவருடைய மகன்தான் பின்னர் அமெரிக்காவில் 1802-இல் துப்போன் நிறுவனத்தைத் தொடங்கினார்.

தேடப்பட்ட பாதிரியார்களுக்கும் லலாந்த் அடைக்கலம் கொடுத்தார். இவர்கள் வானியலாளர்கள் என்று சொல்லிக் காப்பாற்றினார். இத்தனைக்கும் அவர் கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். இந்திய வானியல் பற்றி எழுதிய பய்யியை 1793 நவம்பரில் கில்லட்டினில் வெட்டிக் கொன்றார்கள். அவர் பாரிசின் முதல் மேயராக இருந்தவர். அந்த நாள்களில் அடைக்கலம் கொடுப்பது என்ன பொருள் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

மன்றத்தின் கூரையில் வரைந்த வானத்தின் கீழ் எல்லாரும் சகோதரர் என்று உறுதி எடுப்பது எளிது. உண்மையான வானத்தைப் பார்க்கக் கட்டிய கூண்டுக்குள், தன் கொள்கைக்கு நேர்மாறானவரை ஒளித்து வைப்பது அவ்வளவு எளிதல்ல. லலாந்த் இரண்டையும் செய்தார்.

கடைசி ஆண்டுகள்

1795-இல் அவர் பாரிஸ் வான் ஆய்வகத்தின் இயக்குநரானார். உறவினரான மிஷேல் லெபிரான்சுவா முதலியோரின் உதவியோடு 47,000-க்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தைக் குறித்து 1801-இல் வெளியிட்டார். பூனைப் பிரியரான அவர் பூனை என்ற பெயரில் ஒரு விண்மீன் கூட்டத்தையும் அமைத்தார். அது இன்று வழக்கில் இல்லை.

அந்த அட்டவணையில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. 1795 மே 8, 10 தேதிகளில் அவர்கள் குறித்த ஒரு புள்ளி சற்று நகர்ந்திருந்தது. அளவில் பிழை என்று நினைத்துக் கடந்துவிட்டார்கள். அது நெப்டியூன் கிரகம். 1846-இல்தான் உலகம் அதைக் கண்டுகொண்டது. வானத்தை நன்கு அறிந்தவர்களும் கண்முன்னே வந்ததைத் தவறவிடலாம்.

1805-இல் நெப்போலியன், நாத்திகம் பேசும் இந்த முதியவர் இனி எதையும் வெளியிடக் கூடாது என்று உத்தரவு அனுப்பினார். லலாந்த் 1807 ஏப்ரல் 4-ஆம் தேதி, 74-ஆவது வயதில் காலமானார்.

ஐஃபல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. பூமிக்கு மிக அருகில் உள்ள விண்மீன்களில் ஒன்றுக்கு இன்றும் லலாந்த் 21185 என்றுதான் பெயர். நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சின்னங்களில் இருக்கும் சூரியனுக்கும் சந்திரனுக்கும் ரகசிய சக்தி இருப்பதாகச் சொல்லி யாராவது நம்மைப் பயமுறுத்தினால், இந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம். வானத்தைத் தெரிந்துகொள்ள அவர் தொலைநோக்கியையும் கணக்கையும் நம்பினார். வரைந்த சூரியனிடம் அவர் பாடம் மட்டும் கேட்டார். அந்தப் பாடத்தை, உயிர் போகும் ஆபத்து வந்த நாளில், நடந்தும் காட்டினார்.